பக்கத்துப் பல்லின் நிறம்

மலாக்காவின் டுரியான் துங்கால் பக்கம் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லில் வேர்ச் சிகிச்சை முடிந்ததும் டாக்டர் அடுத்துச் சொல்வது பெரும்பாலும், "இதுக்குக் கேப் போட்டுடுங்க" என்பதுதான். அன்றிரவு வீட்டில் நடக்கும் பேச்சு விலையைப் பற்றியது. எந்தப் பொருளில் செய்வது, நிறத்தை யார் எப்போது பார்ப்பார், பக்கத்துப் பல்லோடு அது எப்படிச் சேரும் என்ற பேச்சு அபூர்வமாகவே எழுகிறது. அதனால்தான், சிரித்ததும் தனியே தெரியும் சுண்ணாம்பு வெள்ளைப் பற்களை நம் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இவ்வளவு பார்க்கிறோம். கேப் என்னும் உறை இயற்கைப் பல்லோடு ஒத்துப்போவது வசதி உள்ளவர்களுக்கான அழகு விஷயம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. சிகிச்சை எவ்வளவு கவனமாக நடந்தது என்பதை நோயாளி தன் கண்ணாலேயே சோதிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். நிறம் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்காத இடத்தில், விளிம்பு பொருந்தியதா, கடி சரியாக விழுகிறதா என்று பார்க்கவும் நேரம் ஒதுக்கியிருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

முதலில், உறை எதற்கு? வேர்ச் சிகிச்சைக்கு வரும் பல்லைச் சொத்தை ஏற்கெனவே அரித்திருக்கும். உள்ளே கால்வாய்களைச் சுத்தம் செய்யத் திறப்பு போட்டபின் மிஞ்சும் சுவர்கள் மெல்லியவை. கடைவாயில் அழுத்தி மெல்லும்போது அந்தச் சுவர்கள் வெளிப்பக்கமாக விரிந்து பிளக்கும். பிளவு வேர்வரை இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. சுற்றிலும் இறுகப் பிடிக்கும் உறை அந்தப் பிளவைத் தடுக்கிறது. அப்படிப் பிடிக்க, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் இருக்க வேண்டும். அது இல்லாத பல்லில் மாட்டிய உறை, அடியிலிருக்கும் பல்லையும் ஒடித்துக்கொண்டு வந்துவிடும். முன்பல்லின் நிலைமை வேறு. பெரும்பகுதி முழுசாக இருக்கும் முன்பல், வேர்ச் சிகிச்சைக்குப் பிறகும் நல்ல நிரப்பலோடு பல ஆண்டு நிற்கும். உறை போடுவதென்றால் பக்கங்களில் 1 முதல் 1.5 மில்லிமீட்டரும், கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மில்லிமீட்டரும் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும். தேய்த்த எனாமல் மறுபடி வளராது. நோயில்லாத பல்லை வெண்மைக்காக மட்டும் தேய்த்து உறை போடச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

நம் ரப்பர்த் தோட்டங்களில் இந்தக் கேள்வியே எழாத காலம் மிக நீண்டது. பல் வலித்தால் முதலில் கிராம்பு, அப்புறம் டிரெஸ்ஸர் எனப்பட்ட தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம் மாத்திரை, கடைசியில் பட்டணத்துக்குப் போய்ப் பிடுங்குதல். விடியுமுன் பால்வெட்டுக்கு இறங்கும் நாள்கூலிக்காரருக்கு, நாலைந்து தடவை வரச்சொல்லும் சிகிச்சை என்பது நாலைந்து நாள் கூலி போவது. ஒரே நடையில் வலி தீர்வது பிடுங்கினால்தான். அவர்களுடைய தேர்வை அறியாமை என்று பேசுவது அநியாயம்; அந்தக் கூலிக்கும் அந்தத் தூரத்துக்கும் அதுவே கணக்குக்குச் சரிவந்த முடிவு.

பட்டணத்தில் பல் கட்டியவர்களில் பலர் சீனர்கள். தந்தையிடமோ கடை முதலாளியிடமோ தொழில் கற்றவர்கள். 1971ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின் பதிவேட்டில் பட்டதாரிகளுக்கு முதல் பிரிவும், பட்டமில்லாமல் முன்பிருந்தே தொழில் செய்துவந்தவர்களுக்கு இரண்டாம் பிரிவும் இருந்தன. முறையான கல்வி இந்த வட்டாரத்துக்கு 1929இல் சிங்கப்பூரில் தொடங்கிய பல் மருத்துவப் பள்ளி வழியாக வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பீடம் கோலாலம்பூரில் 1972இல்தான் தொடங்கியது. இடையில் பினாங்கில் 1949இல் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. நியூசிலாந்து முறையைப் பின்பற்றிய அந்தப் பள்ளியில் பயின்ற தாதிகள்தான் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகப் பல் நிரப்பிக்கொண்டது மிஸ்ஸி என்று அவர்கள் அழைத்த அந்தத் தாதியிடம்தான்.

அந்தக் காலத்துத் தங்கப்பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதைப் பகட்டு என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கலாம். பொருள் என்ற அளவில் தங்கக் கலவை மிகச் சிறந்தது. மெல்லிய தகடாகவே வலுவாக நிற்பதால் பல்லைக் குறைவாகத் தேய்த்தால் போதும். விளிம்பு ஈறோரத்தில் நெருங்கிப் பொருந்தும். எதிர்ப் பல்லைத் தின்னாமல் எனாமலைப் போலவே தேயும். கண்ணுக்குத் தெரியாத பின் கடைவாயில் இன்றும் அதற்கு ஈடு சொல்வது கடினம். தங்கம் விற்கும் விலையில் இன்று யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

காப்பாற்றுவதற்குப் பல் இருந்தால்தானே உறையைப் பற்றிப் பேச முடியும்? இந்த ஊரில் அதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் மலாக்கா மாநிலத்தின் குடிநீர் ஆதாரங்களில் முக்கியமானது.  குழாய்த் தண்ணீரில் ஃப்ளூரைடு கலப்பதை மலேசியா 1972இல் தேசியக் கொள்கையாக்கியது. முதலில் பத்து லட்சத்தில் 0.7 பங்காக இருந்த அளவு 2005இல் 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. கிணற்றையும் ஓடையையும் நம்பியிருந்த லயத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பலன் தாமதமாகவே கிடைத்தது. குழாய்த் தண்ணீரில் வளர்ந்த தலைமுறை நடுவயதை எட்டும்போது வாயில் பற்கள் மிஞ்சியிருக்கின்றன. ஆகவே பழைய நிரப்பல் உடைந்த பல், பிளந்த பல், வேர்ச் சிகிச்சை முடிந்த பல் என்று உறை கேட்கும் பற்களும் பெருகுகின்றன.

தமிழ்நாட்டின் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கதை நேர்மாறு. அங்கே நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு மிகுதி. அதைக் குடித்து வளர்ந்தவர்களின் எனாமலில் வெள்ளைத் திட்டும் பழுப்புப் பட்டையும் நிரந்தரமாகப் படிந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்ததற்கு முதன்மைக் காரணமே இதுதான். அந்த ஊர்க்காரர் ஒருவரின் ஒற்றை முன்பல்லுக்கு உறை செய்ய நேர்ந்தால், குறையில்லாத அழகிய பல்லைச் செய்து மாட்டுவது தவறு. திட்டையும் பட்டையையும் தீட்டித்தான் பக்கத்துப் பல்லோடு சேர்க்க வேண்டும். பொருத்தம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பல்லின் நிறம் மேற்பரப்பில் பூசிய வண்ணமன்று. எனாமல் ஒளியை உள்ளே விடுகிறது. அடியிலிருக்கும் மஞ்சள் சாயலான டென்டினில் பட்டு ஒளி திரும்புகிறது. கழுத்துப் பகுதியில் எனாமல் மெல்லியது என்பதால் அங்கே மஞ்சள் கூடும். நுனியில் டென்டின் இல்லாததால் நீலம் கலந்த கண்ணாடித் தன்மை தெரியும். வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது, உள்ளே டென்டின் தடிக்கிறது, பல் மங்கி மஞ்சளாகிறது. ஒரே வாயில் கோரைப்பல் முன்பல்லைவிட அடர்ந்த நிறமாக இருப்பது இயல்பு. இவ்வளவையும் ஒரே நிறக் கட்டியால் பிரதி எடுக்க முடியாது. டெட்ராய்ட் நகரத்துப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட் 1889இல் பீங்கான் உறைக்குக் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து இந்தத் தொழில் போராடிவருவது இதோடுதான். 

கிளினிக்கில் பல் வடிவத் துண்டுகள் வரிசையாக மாட்டிய நிற அட்டை ஒன்றை எடுத்து வாயருகே பிடிப்பார்கள். பெரும்பாலும் அது ஜெர்மனியின் வீட்டா நிறுவனத்தினுடையது. 1956இல் வந்த பழைய வரிசையில் 16 நிறங்கள். ஏ என்றால் செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். எண் கூடக் கூட நிறம் அடரும். அதே நிறுவனம் 1998இல் கொண்டுவந்த இன்னொரு வரிசை, முதலில் வெளிச்சத்தின் அளவைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பிறகுதான் நிறத்தின் அடர்த்தியும் சாயலும். இது சரியான வரிசை. மனிதக் கண் சாயல் வேறுபாட்டைவிட வெளிச்ச வேறுபாட்டைச் சீக்கிரம் பிடிக்கும். சாயல் கொஞ்சம் தவறினாலும் வெளிச்சம் சரியாக இருந்தால் பல் சேர்ந்துகொள்ளும். வெளிச்சம் தவறினால், பேச்சுக்கு நடுவிலேயே எதிரில் இருப்பவரின் கண் அந்தப் பல்லில் போய் நிற்கும்.

இங்கே நடக்கும் தவறுகளில் முதலாவது நேரம் பற்றியது. பல்லைத் தேய்த்து, அச்செடுத்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் நிற அட்டையை எடுக்கிறார்கள். வாயைத் திறந்தபடி சில நிமிடம் இருந்தாலே பல் உலர்ந்துவிடும். உலர்ந்த பல் இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். பழைய நிறத்துக்குத் திரும்பப் பல மணி நேரம், சில சமயம் ஒரு முழு நாள்கூட ஆகும். உலர்ந்த பல்லுக்குப் பார்த்துச் செய்த உறை வீட்டுக்குப் போனதும் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்ததும், ஊசி போடுவதற்கு முன்பே நிறம் பார்க்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். நாற்காலிக்கு மேலே இருக்கும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். கிளினிக்கின் குழல்விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் வெளியே நண்பகல் வெயிலில் பிரிந்து நிற்கக்கூடும். பகல் ஒளியை ஒத்த விளக்கு இல்லாத இடத்தில், சன்னலோரம் நின்று இன்னொருமுறை பார்ப்பது எளிய மாற்று. ஒரே துண்டை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் களைத்துவிடும். ஐந்தாறு விநாடி பார்த்துவிட்டுச் சாம்பல் நிறப் பரப்பு ஒன்றைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்ள வேண்டும். உதட்டுச்சாயத்தைத் துடைத்துவிட்டு, அரக்குப் புடவையோ கிளிப்பச்சைச் சட்டையோ உடுத்தியிருந்தால் மேலே சாம்பல் துணி போர்த்திக்கொண்டு உட்காருவது நல்லது.

நம் மக்களுக்கு இதில் தனியாக ஒரு விஷயம் உண்டு. கறுத்த மேனியின் பின்னணியில் எந்தப் பல்லும் இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். ஆகவே சீன முகத்திலோ வெள்ளைக்கார முகத்திலோ இயல்பாகத் தோன்றும் ஒரு வெண்மை, நம் முகத்தில் கண்ணை உறுத்தும். விளம்பரப் படத்தைக் காட்டி "இந்த மாதிரி வெள்ளையா வேணும்" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு ஈறிலும் கருமை படிந்திருக்கும். அது நோயன்று. அந்த ஈறுக்கு அருகே உட்காரும் உறையின் கழுத்துப் பகுதியில் கொஞ்சம் அடர்ந்த நிறம் சேர்த்தால்தான் சேர்மானம் வரும்.

நிறத்தை அளக்கக் கருவிகளும் வந்துவிட்டன. அவை காட்டும் எண்ணால் சொன்னால், இரண்டு பற்களின் நிற இடைவெளி 1.2 அலகு ஆகும்போது பார்ப்பவர்களில் பாதிப்பேர் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்; 2.7 ஆகும்போது பாதிப்பேர் அதை ஏற்க மறுக்கிறார்கள். கருவி எண்ணைத் தரும். மேற்பரப்பின் மினுமினுப்பு, மெல்லிய கீறல்கள், நுனியின் கண்ணாடித் தன்மை ஆகியவற்றை அது தராது. இவையெல்லாம் உறையைச் செய்யும் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பரின் கையில் இருக்கின்றன. அவரோ நோயாளியின் முகத்தைப் பார்ப்பதேயில்லை. பல கிளினிக்குகளிலிருந்து அவருக்குப் போவது அச்சும், "ஏ3" என்று எழுதிய ஒரு சீட்டும்தான். இந்தச் சிகிச்சையின் மிகப் பலவீனமான கண்ணி இதுதான். நிறத் துண்டைப் பல்லருகே பிடித்து எடுத்த நல்ல படங்கள் இரண்டு மூன்று, பல்லின் எந்தப் பகுதி எந்த நிறம் என்று குறித்த ஒரு படம், முன்பல்லானால் நோயாளியே ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்குப் போய்வருவது: இவற்றுக்குப் பெரிய செலவில்லை. வேர்ச் சிகிச்சை செய்த பல் அடியில் கறுத்திருந்தாலோ உலோகக் கம்பம் வைத்திருந்தாலோ அதன் படமும் போக வேண்டும். இல்லையென்றால் ஒளி ஊடுருவும் அழகான உறை வாயில் மாட்டியதும் சாம்பல் பூத்துவிடும். ஒற்றை முன்பல் உறைதான் எல்லாவற்றிலும் கடினம். ஆறு பல்லுக்கும் சேர்த்துப் போடும்போது அவை தமக்குள் ஒத்திருந்தால் போதும். ஒற்றைப் பல் இயற்கையோடு ஒத்துப்போக வேண்டும்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உலோகத்தின் மேல் பீங்கான் சுட்ட உறை 1960களில் பரவியது. வலுவானது, விலை குறைவு. ஆனால் ஆண்டுகள் போக ஈறு சற்று ஒதுங்கினால் விளிம்பில் கறுப்புக் கோடு தெரியும். மலிவான கலவையில் நிக்கல் இருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும். கவரிங் நகை போட்டால் காது புண்ணாகிறவர்கள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உலோகமில்லாத பீங்கான் வகைகளில், லித்தியம் டைசிலிகேட் ஒளியை விடுவதில் எனாமலுக்கு அருகில் வரும், முன்பல்லுக்கு ஏற்றது. வலு ஏறத்தாழ 400 மெகாபாஸ்கல். சிர்கோனியாவின் பழைய வகை 1,000 மெகாபாஸ்கலைத் தாண்டும், ஆனால் ஒளியை விடாது. ஒளி விடும் புதிய வகைகளில் வலு குறைகிறது. சிர்கோனியா எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடும் என்ற பயம் பரவலாக உண்டு. நன்றாக மெருகேற்றிய சிர்கோனியா அப்படித் தேய்ப்பதில்லை. கடி சரிசெய்ய டாக்டர் வாயிலேயே உரசிவிட்டு மெருகேற்றாமல் அனுப்பும் சொரசொரப்பான சிர்கோனியாதான் தேய்க்கிறது.

இனி, இதெல்லாம் யாருக்குக் கிடைக்கிறது? அரசுப் பல் கிளினிக்கில் பிடுங்குவதும் நிரப்புவதும் மிகக் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன. அது நம் நாடு செய்த பெரிய காரியம். உறை என்று வந்தால் வல்லுநர் பிரிவுக்கு அனுப்புவார்கள், காத்திருக்க வேண்டும். தனியாரிடம் ஓர் உறை ஆயிரம் வெள்ளியை ஒட்டியோ அதைத் தாண்டியோ போகிறது. கடைவாய்ப் பல்லின் வேர்ச் சிகிச்சை அதற்கு மேல் தனி. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022இல் 1,500 வெள்ளி, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. ஆக, ஒரு பல்லைக் காப்பாற்ற ஒரு மாதச் சம்பளம். மலாக்கா புக்கிட் பாருவில் இருக்கும் மணிப்பால் பல்கலைக்கழகக் கல்லூரியைப் போலப் பல் மருத்துவம் கற்பிக்கும் இடங்களில், ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள். நேரம் அதிகம் பிடிக்கும். அந்த நேரமே நிறம் பார்ப்பதற்கு நல்லது என்பதால், விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் அங்கே விசாரித்துப் பார்க்கலாம் என்று சொல்வேன்.

விலைக்கும் ஆசைக்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான் போலி ஆட்கள் நுழைகிறார்கள். பல் கம்பி, வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்து, தங்கும் விடுதி அறையிலோ வீட்டிலோ வைத்து ஒட்டிவிடுகிறார்கள். 2017இல் மலாக்காவில் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டு பல் கம்பி மாட்டிய 20 வயது இளம்பெண் ஒருவருக்கு ஆயர் குரோ நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது நாடெங்கும் செய்தியானது. பதிவில்லாத தனியார் பல் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 300,000 வெள்ளி வரை அபராதமோ ஆறாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் டாக்டரின் பெயரை யாரும் தேடிப் பார்க்கலாம். போலி வெனீரின் அடியில் ஈறு வீங்கி, சொத்தை மறைவாக வளர்ந்து, கடைசியில் பிடுங்க வேண்டி வருவதுதான் நடக்கிறது. வெள்ளைப் பல்லுக்கு ஆசைப்பட்டு இருந்த பல்லையும் இழக்கும் நம் பிள்ளைகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

ஈறைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. 2010ஆம் ஆண்டு தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு ஈறு நோயின் ஏதோ ஓர் அறிகுறி இருந்தது. வீங்கி இரத்தம் கசியும் ஈறோரத்தில் துல்லியமான அச்செடுக்க முடியாது. முதலில் ஊத்தையை எடுத்து, ஈறு ஆறிய பிறகே உறைக்கு அளவெடுக்க வேண்டும். வெற்றிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு படி உண்டு. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே மற்ற இனத்தாரைவிட மிகுதி. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்வதே அதற்கு முதன்மைக் காரணம். அதற்காகவே சுகாதார அமைச்சின் பல் குழுக்கள் தோட்டங்களுக்கு வந்து வாயைச் சோதிக்கின்றன. உறைக்காகப் போகும் வயதானவர் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வெற்றிலைக் கறை படிந்த பற்களுக்கு நடுவே உறை போடுவதென்றால், கறையை அகற்றிச் சில நாள் கழித்துத்தான் நிறம் பார்க்க வேண்டும். கறையோடு பார்த்துச் செய்த உறை, பிறகு பற்களைச் சுத்தம் செய்த நாளில் தனித்துப் பழுப்பாக நிற்கும்.

உறை தயாராகி வந்ததும் நேராக ஒட்டிவிடச் சம்மதிக்கக் கூடாது. முதலில் ஒட்டாமல் பல்லில் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து, உடன் வந்தவரையும் பார்க்கச் சொல்லி, சிரித்தும் பேசியும் பார்க்க வேண்டும். இடைவெளியில் நூலை விட்டு இழுத்தால் நார் நாராகப் பிரியாமல் வர வேண்டும். கடித்தால் மற்றப் பற்களுக்கு முன்னால் உறை மட்டும் தட்டக் கூடாது. நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் தொழில்நுட்பர் சாயம் சேர்த்து மீண்டும் சுட்டுத் தர முடியும். தேவைக்கு மேல் அடர்ந்துவிட்ட உறையை வெளுப்பாக்குவது பெரும்பாலும் முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். "இது பக்கத்துப் பல் மாதிரி இல்லீங்க டாக்டர்" என்று சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். அதைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நிரந்தரச் சிமெண்ட் இறுகிய பிறகு நிறத்தைத் திருத்த வழியில்லை. உறையை வெட்டி எடுத்துவிட்டு, இன்னொன்றுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும்.